லைசென்ஸ் வேண்டாம்னு சொல்லி வித்தாங்களா?

"லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், ஹெல்மெட் கூட வேண்டாம்ணே."

பேட்டரி சைக்கிள் விற்கிற கடைக்குள் காலை வைத்த கொஞ்ச நேரத்திலேயே இந்த நாலு 'வேண்டாம்'களும் வந்து விழுந்துவிடும். நாலுமே உண்மைதான். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. சில கடைகளில் அதை நேர்மாறாகவே சொல்கிறார்கள். கண்ட்ரோலரிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து, வளைந்து, மறுபடி ஒரு சின்ன பிளக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். நிறைய வண்டிகளில் வெள்ளை நிறம். "இதைக் கழட்டி விட்டுட்டா நாப்பதுல போகும்ணே" என்பார் கடைத் தம்பி, குரலைத் தாழ்த்தி. அந்த வயரைத் தொட வேண்டாம். இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றித்தான். மீதியில் பெரும்பாலும் பேட்டரியைப் பற்றி.

எங்கள் ஊர் தாயில்பட்டியில் காலை ஏழு மணிக்கு பட்டாசுக் கம்பெனி வேன்களும் மினி பஸ்களும் ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். வேனைத் தவறவிட்டவர்கள், வேன் போகாத பட்டிகளில் இருப்பவர்கள், தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போகிற பெரியவர்கள், ட்யூஷன் பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் எப்போதும் சைக்கிளை நம்பித்தான் இருந்தது. அவர்களில் பலர் இப்போது மோட்டார் வைத்த சைக்கிளுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோல் விலை ஒரு காரணம் என்றால், லைசென்ஸ் எடுக்கிற அலைச்சல் இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். நான் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவன். இந்த சைக்கிளில்தான் போய்வருகிறேன். அதனால் ஊரில் யார் வாங்க நினைத்தாலும் "நீ வச்சிருக்கியே, இதுக்கு போலீஸ் பிடிக்காதாப்பா?" என்று என்னிடம்தான் வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

முதலில் சட்டம். சிரமமாக இருக்காது, பயப்படாதீர்கள்.

1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில், 2ஆவது விதியின் (யு) பிரிவு பேட்டரியில் ஓடும் வண்டி என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, சில வண்டிகளை மட்டும் "இது மோட்டார் வாகனமே இல்லை" என்று விலக்கி வைக்கிறது. விலக்குக்கு இரண்டு அளவுகோல். மோட்டாரின் முப்பது நிமிட சக்தி 0.25 கிலோவாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். பெடல் அசிஸ்ட் சைக்கிள் என்றால், வேகம் ஏற ஏற மோட்டார் தன் உதவியைக் குறைத்துக்கொண்டே வந்து 25ஐத் தொடும்போது முழுக்க நின்றுவிட வேண்டும்; நீங்கள் மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும். நல்ல பிரேக், முன்னால் ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும். இவ்வளவும் சரியா என்று அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனம் ஒன்று பார்த்துச் சான்று தந்திருக்க வேண்டும். புனேயில் இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் இருக்கிற ஐகேட், நம்ம ஒரகடத்தில் இருக்கிற ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை அந்த நிறுவனங்கள்.

மோட்டார் வாகனமே இல்லை என்று ஆகிவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே கழன்றுவிடும். பதிவு, நம்பர் பிளேட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாமே மோட்டார் வாகனத்துக்குத்தானே? பச்சை பிளேட்டில் வெள்ளை எழுத்து எழுதி ஓடுகிற பேட்டரி ஸ்கூட்டர்கள் பதிவு செய்த வண்டிகள். பிளேட்டே இல்லாமல் ஓடுகிற, பார்க்க ஸ்கூட்டர் மாதிரியே இருக்கிற சின்ன வண்டிகளும் உண்டு. அவையும் நம் சைக்கிளும் இந்த ஒரே விதியின் கீழ்தான் தப்பிக்கின்றன.

இதில் 'முப்பது நிமிட சக்தி' என்கிற இடத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒரு மோட்டார் சூடேறிக் கெட்டுப்போகாமல் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி எவ்வளவோ, அதுதான் கணக்கு. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் பாலத்தில் ஏறும்போதும் அதே மோட்டார் சில விநாடிகளுக்கு இதைவிட அதிகமாக இழுக்கும். அது தப்பில்லை. அதனால் மோட்டார் மேல் '250 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்கப்போனால் விதி கேட்பது 250க்குக் கீழே, 250 இல்லை. ஸ்டிக்கர் எதையும் சொல்லும், சான்றிதழ்தான் பேசும். கடையில் கேட்க வேண்டிய முதல் காகிதம் அந்த மாடலின் சோதனைச் சான்றிதழ் நகல். "அதெல்லாம் கம்பெனில இருக்கும்" என்று பதில் வந்தால், கம்பெனியிலிருந்து வாங்கித் தரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பில்லில் பிரேம் நம்பர், மோட்டார் நம்பர், பேட்டரி நம்பர் மூன்றும் இருக்கட்டும். மூன்றையும் சான்றிதழ் நகலோடு சேர்த்து போனில் படம் எடுத்து வையுங்கள். சைக்கிள் திருடு போனால் ஸ்டேஷனில் கொடுக்க உங்களிடம் ஆர்.சி. கிடையாது, அந்தப் படம்தான் உங்கள் ஆர்.சி.

அதே படம்தான் வாகனச் சோதனையில் நிறுத்தினாலும் உதவும். நிறுத்துவார்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. சத்தமில்லாமல், பிளேட் இல்லாமல், ஆள் மிதிக்காமல் ஒரு வண்டி போனால் எந்தப் போலீஸ்காரருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். "சார், இருபத்தஞ்சுக்கு உள்ளதான் போகும், சான்றிதழ் இதுல இருக்கு" என்று காட்டினால் பேச்சு அங்கேயே முடியும். சட்டம் பேசினால் நீளும்.

இப்போது அந்த வயருக்கு வருவோம்.

அதைக் கழற்றியதும் வேகம் கூடும். வண்டியின் எடை, வெயில், டயர் எதுவும் மாறவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வேறு வண்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். விலக்குக்குக் காரணமான அளவுகோலைத் தாண்டியதும் அது மோட்டார் வாகனம். அப்படியானால் அது பதிவு செய்யாத வண்டி. உங்களிடம் லைசென்ஸ் இல்லையென்றால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். பதிவில்லாத வண்டிக்கு முதல் முறை 5,000 வரை போகலாம். இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000, மூன்று மாதம் வரை சிறையும் எழுதியிருக்கிறது. ஒரு வயரில் மூன்று குற்றம்.

இதைவிடப் பெரிய அடி பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் வீட்டில் விழும். விலக்கு பெற்ற சைக்கிளை ஓட்ட அந்த விதியில் வயது வரம்பு எதுவும் கிடையாது. பதினாலு வயதுப் பிள்ளையும் ஓட்டலாம். ஆனால் அதே சைக்கிளை நாற்பதில் ஓடும்படி பையன் 'செட்' பண்ணிக்கொண்டு வந்து, ஓட்டி, பிடிபட்டால், 199ஏ பிரிவு வருகிறது. பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும். அந்தப் பையனுக்கு 25 வயது ஆகும்வரை எல்.எல்.ஆர். கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையின் சைக்கிள் எவ்வளவு வேகம் போகிறது என்று ஒரு நாள் அப்பா பின்னாலேயே பைக்கில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. திட்டுவதற்கு இல்லை, தெரிந்துகொள்வதற்கு.

அபராதம் கூடப் போகட்டும், கட்டிவிடலாம். இடித்துவிட்டால்? ஒழுங்கான பேட்டரி சைக்கிளில் போய் ஒருவரை இடித்தாலும் உங்களுக்காகப் பணம் கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி இல்லைதான். ஆனால் வேகம் குறைவு, அடியும் குறைவு. திருத்திய வண்டியில் நாற்பதில் போய் ரோட்டோரம் நடந்து வந்த ஒரு பாட்டியின் இடுப்பை உடைத்தால், வழக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும், தீர்ப்புத் தொகை முழுக்க உங்கள் வீட்டுப் பத்திரத்தின் மேல் நிற்கும். மறுபக்கமும் யோசியுங்கள். ஒரு லாரி உங்களை இடித்தால் அந்த லாரியின் இன்சூரன்ஸில் நஷ்டஈடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் ஓட்டியது திருத்திய, பதிவில்லாத வண்டி என்றால் "இவர் மேலயும் தப்பு இருக்கு" என்று தொகையைக் குறைக்கச் சொல்லி வாதாட எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நீங்களே காரணத்தைக் கையில் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

கேரளாவில் 2023இல் மோட்டார் வாகனத் துறை பேட்டரி ஸ்கூட்டர் கடைகளுக்குள்ளேயே போய் இந்தத் திருத்தும் வேலையைப் பிடித்தது. எனக்கு அது சரியான இடத்தில் கை வைத்த மாதிரிப் பட்டது. ரோட்டில் பிடிபடுகிறவர் பெரும்பாலும் கடையில் சொன்னதை நம்பியவர். வயரை வெட்டிக் கொடுத்தவர் நிழலில் உட்கார்ந்து அடுத்த வண்டியை வெட்டிக்கொண்டிருப்பார்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற நம்ம பக்கத்துப் பையன்கள் லீவுக்கு வரும்போது இந்த விஷயத்தில் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அங்கே 25 கிலோமீட்டர் வேகம், 250 வாட் என்பது இங்கே மாதிரியேதான். ஆனால் 20 கிலோ எடைக்கு மேல் கூடாது, திராட்டில் அறவே கூடாது, மிதித்தால்தான் மோட்டார் ஓட வேண்டும். 2018இலிருந்து சைக்கிளைப் பதிவு செய்து நம்பர் மாட்ட வேண்டும். ஓட்டுகிறவருக்குக் குறைந்தது 16 வயது ஆக வேண்டும். 2022இலிருந்து எழுத்துத் தேர்வு வேறு. சீனாவில் கோடிக்கணக்கில் ஓடுகிறது. அங்கேயும் 25தான் எல்லை. அவர்களுடைய புது தரக்கட்டுப்பாடு 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிளாஸ்டிக் பாகங்கள் மொத்த எடையில் 5.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிற அளவுக்கு அதில் இறங்கிவிட்டார்கள், எல்லாம் தீக்குப் பயந்து. நமக்குக் கிடைத்திருக்கிற விலக்கு தாராளமானது. கைப்பிடியை முறுக்கினாலே ஓடுகிற சைக்கிளைக்கூட நம் விதி விட்டுவைக்கிறது. நிறையப் பேர் வயரை வெட்டி, நாலு விபத்து பத்திரிகையில் வந்தால் இந்தத் தாராளம் எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது. அரசு கொடுக்கிற இலவச சைக்கிளில் கிட் வாங்கி மாட்டலாமா? 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-06இல் எல்லோருக்கும் என்று ஆன திட்டம் அது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்த வீடுகளிலெல்லாம் திண்ணையில் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. மோட்டார் கிட்டும் ஆன்லைனில் கிடைக்கிறது. மாட்ட முடியும், ஒரு மத்தியான வேலை. ஆனால் அந்த சைக்கிளும் அந்த மோட்டாரும் சேர்ந்த வண்டியை எந்தச் சோதனை நிறுவனமும் பார்த்ததில்லை. ஆகவே நீங்கள் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. வேகமே போகாமல் வயலுக்குப் போய்வருகிற தாத்தாவை யாரும் நிறுத்தப்போவதில்லை, அது நடைமுறை. பிள்ளைக்கு அப்படி மாட்டிக் கொடுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. முன் சக்கர மோட்டார் இழுக்கும்போது அச்சு போர்க்கின் பள்ளத்தில் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கிற டார்க் ஆர்ம் என்கிற இரும்புத் துண்டைப் பலர் மாட்டுவதே இல்லை. அச்சு நழுவினால் வயர் முறுக்கி அறுந்து, சக்கரம் கழன்று, ஆள் முகம் குப்புற விழுவார். பிரேக்கும் மிதிக்கிற வேகத்துக்குச் செய்த பிரேக்தான்.

சரி, பேட்டரி.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் ராத்திரியில் தீப்பிடித்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். அந்த வருடம் நாடு முழுக்க இப்படிச் சில தீ விபத்துகள் நடந்த பிறகுதான் மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்கிற பேட்டரிச் சோதனையை இறுக்கியது; 2022 டிசம்பர் 1இல் ஒரு கட்டம், 2023 மார்ச் 31இல் அடுத்த கட்டம். அது மோட்டார் வாகனம் என்று கணக்கில் வருகிற வண்டிகளுக்கான விதி. நம் சைக்கிள்தான் மோட்டார் வாகனம் இல்லையே. விலக்கின் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெரிய ஸ்கூட்டருக்கு அரசு பார்க்கிற வேலையை இங்கே வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரிப் பெட்டியின் மேல் தயாரித்தவர் பெயர், வோல்ட், ஆம்பியர்-அவர், தயாரித்த மாதம், வரிசை எண் இருக்க வேண்டும். மேலே ஒன்றும் எழுதாத நீலச் சுருக்கு உறையில் சுற்றி, "சீப்பா வரும்ணே, நானே அடிச்சுத் தாரேன்" என்று தருகிற பேட்டரி பழைய லேப்டாப்பில் பிடுங்கிய செல்லாக இருக்கலாம். வேண்டாம்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். லித்தியம் பேட்டரி எரிந்தால் மண்ணைக் கொட்டி அணைக்க முடியாது என்று சொன்னேன். "ஏன் முடியாது? எங்க ஆலையில அறைக்கு அறை மண் வாளிதான் வச்சிருப்போம்" என்றார். மருந்து எரியும்போது மண் போட்டால் அணைகிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "மருந்து அணையாது. அது எரிஞ்சு முடிக்கும். பக்கத்துல பரவாமத்தான் மண்ணு" என்றார். பேட்டரியும் அப்படித்தான். பொட்டாசியம் நைட்ரேட் மருந்துக்கு உள்ளேயே ஆக்ஸிஜனைக் கொண்டுவருகிற மாதிரி, நம் சைக்கிள்களில் வருகிற பல லித்தியம் செல்களின் நேர்முனைப் பொருள் அளவுக்கு மேல் சூடானால் தானே ஆக்ஸிஜனை விடும். காற்றை மூடினாலும் உள்ளே நடப்பது நிற்காது. ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லுக்குப் போகும், அது அதற்கடுத்ததுக்கு. சூட்டைக் குறைக்க நிறையத் தண்ணீர்தான் வழி. மெயினை அணைத்த பிறகு, தள்ளி நின்று, ஆள் எல்லாம் வெளியே வந்தபின். இல்லையென்றால் வீட்டை விட்டு வெளியே வந்து 101க்கோ 112க்கோ போன் போட்டுவிட்டு நில்லுங்கள். புகை விஷம். வேலூரில் உயிரை எடுத்தது தீ இல்லை, அந்தப் புகை.

பெரியவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார்: "அப்ப வாசலை மறிச்சு சார்ஜ் போடக் கூடாது, என்ன?" அதேதான். நம் வீடுகளில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது? வாசல் கதவை ஒட்டி, இல்லை மாடிப்படிக்கு அடியில். இரண்டுமே தப்பிக்கிற வழி. பேட்டரி கழற்ற வருகிற சைக்கிளாக இருந்தால் கழற்றி, கூரை போட்ட திண்ணையில், சிமெண்டுத் தரையில், துணிமணி இல்லாத இடத்தில் வைத்துப் போடுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் பத்து மணிக்கு ஏறிவிடும்.

ஒன்றை எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரர்கள் மன்னிக்கவும். வீட்டில் பட்டாசுக் குழாய் உருட்டுகிறவர்கள் இருக்கிறோம். காகிதமும் பசையும் மட்டும் என்றாலும் அது எரிகிற சரக்கு. அந்த அறையில் சார்ஜ் வேண்டாம். அதற்கு மேலான சரக்கு வீட்டுக்குள் இருக்கவே கூடாது. 2021 ஜூனில் நம் ஊரில் ஒரு வீடு வெடித்ததை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. அப்படி ஒரு வீட்டில் தப்பித்தவறி பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எழுதிக்காட்ட நான் விரும்பவில்லை. ஆலைக்குப் போகிறவர்கள் கேட்டில் தீப்பெட்டியையும் செல்போனையும் கொடுத்துவிட்டுத்தானே உள்ளே போகிறீர்கள்? சைக்கிளும் கேட்டுக்கு வெளியேதான். பேட்டரியைக் கழற்றி டிபன் பையில் போட்டு உள்ளே கொண்டுபோகிற யோசனை யாருக்காவது இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். வாட்ச்மேன் அறையில் சார்ஜ் போட்டுத் தரச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தவும் வேண்டாம்.

சார்ஜர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஆபத்து அதில்தான் ஒளிந்திருக்கிறது. 36 வோல்ட் லித்தியம் பேட்டரியின் சார்ஜர் 42 வோல்ட்டில் நிற்கும். சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள், அவுட்புட் என்ற இடத்தில் எழுதியிருக்கும். பழைய மாடல் சைக்கிள்களில் வருகிற 36 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியின் சார்ஜர் 44 வோல்ட் வரை போகும். பிளக் ஒரே மாதிரி இருக்கும், இரண்டின் மேலும் 36 என்றே எழுதியிருக்கும். பக்கத்து வீட்டு சார்ஜரை இரவல் வாங்கிச் சொருகினால் ஏறத்தான் செய்யும். அந்த இரண்டு வோல்ட் வித்தியாசத்தைத் தடுத்து நிற்பது பேட்டரிக்குள் இருக்கிற பி.எம்.எஸ். என்கிற சின்ன போர்டு ஒன்றுதான். அது கெட்டுப்போயிருந்தால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. சார்ஜர் பழுதானால் அதே கம்பெனி சார்ஜர் வரும்வரை சும்மா மிதித்துப் போங்கள், சைக்கிள்தானே.

வெயிலைப் பற்றி விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மத்தியானம் ஓட்டி வந்த கையோடு சார்ஜில் போடாதீர்கள். பேட்டரி தொட்டால் உடம்புச் சூட்டுக்கு இறங்கும்வரை விடுங்கள். ஒரு மாதம் ஊருக்குப் போவதாக இருந்தால் முழுக்க ஏற்றியும் வைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். பாதியில் நிறுத்தி நிழலில் வைத்துவிட்டுப் போங்கள்.

கரண்டு பில் பற்றிப் பயப்படுகிறார்கள், தேவையில்லை. 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் பெருக்கினால் 281 வாட்-அவர். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் மூன்றில் ஒரு யூனிட். மாதம் இருபத்தைந்து தடவை முழுசாக ஏற்றினாலும் எட்டு, ஒன்பது யூனிட்டுக்குள் வரும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்கிற கணக்கில் பல வீடுகளுக்கு இது தெரியவே தெரியாது. கடையில் சொல்கிற 'நாப்பது கிலோமீட்டர்' மிதித்துக்கொண்டே போனால் வருவது. கைப்பிடியை மட்டும் முறுக்கிக்கொண்டு போனால் இருபது, இருபத்தைந்துதான். ஆடி மாதத்தில் மேற்கே போகிறவர்கள் அதிலும் கணிசமாகக் காற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆடிக் காற்றில் போகும்போது மிதியுங்கள், வரும்போது காற்றே தள்ளும்.

பஞ்சர்தான் உண்மையான தொல்லை. கரிசல்காட்டுப் பாதையில் கருவேல முள்ளுக்கு மோட்டார் சைக்கிள், பேட்டரி சைக்கிள் என்ற பேதம் கிடையாது. பின் சக்கரத்தில் ஹப் மோட்டார் இருந்தால் பஞ்சர் கடைக்காரர் பார்த்ததுமே "வயரா இருக்கு, நமக்கு வேண்டாம்" என்பார். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம் என்று சொல்லுங்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை ஓட்டை இருக்கிற இடத்தில் வெளியே இழுத்து, அப்படியே ஒட்டிவிடலாம். டியூபே மாற்ற வேண்டியிருந்தால்தான் நட்டைக் கழற்ற வேண்டும். அப்போது மோட்டார் வயரின் பிளக்கை அம்புக்குறி பார்த்து நேராக இழுங்கள், முறுக்காதீர்கள். உள்ளே இருக்கிற ஊசிகள் வளைந்தால் வீண் செலவு. அச்சில் மாட்டியிருந்த பல் வைத்த வாஷரை இருந்த பக்கத்திலேயே திரும்ப மாட்டுங்கள். ஹப் மோட்டார் கனத்தில் ஆரங்கள் சீக்கிரம் தளரும், அவ்வப்போது கோட்டம் எடுத்துவிடுங்கள்.

ஐப்பசி மழையில் ஓட்டலாம், நனைவது பெரிய விஷயமில்லை. தேங்கிய தண்ணீரில் சக்கரத்தின் நடுவரை முங்க விடக்கூடாது, அவ்வளவுதான். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் அடிக்கக் கொடுக்காதீர்கள். ஈரத்துணி போதும்.

சாத்தூர் போகிறவர்கள் நாற்கர சாலையில் ஏறுவதைப் பார்க்கிறேன். அங்கே உங்களுக்குப் பக்கத்தில் போகிற பஸ் உங்களைவிட மூன்று மடங்கு, நாலு மடங்கு வேகத்தில் போகிறது. சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்தில் அதில் போங்கள், இல்லாத இடத்தில் பாதை மாற்றுங்கள். ராத்திரியில் வண்டிக்குச் சத்தம் கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். ரோட்டில் நடக்கிறவர்களுக்கும் படுத்திருக்கிற நாய்க்கும் நீங்கள் வருவது தெரியாது. மணி அடியுங்கள், லைட்டைப் பகலிலேயே சோதித்து வையுங்கள். ஹெல்மெட் சட்டப்படி வேண்டாம்தான். நான் போடுகிறேன். எங்க மதினி பார்த்துச் சிரித்தாங்க, இப்போது அவங்களும் ஒன்று வாங்கிவிட்டாங்க, மகனுக்கு என்று சொல்லிக்கொண்டு.

கடைசியாகப் பழைய பேட்டரி. மூன்று, நாலு வருடத்தில் ரேஞ்ச் பாதியாகும், மாற்ற வேண்டிவரும். காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். அங்கே சுத்தியல்தான் முதல் கருவி. உள்ளே மிச்சமிருக்கிற சார்ஜோடு ஒரு அடி விழுந்தால் கடையே எரியும். 2022 ஆகஸ்ட்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. புது பேட்டரி வாங்குகிற கடையிலேயே கேளுங்கள், மறுத்தால் கம்பெனிக்கு எழுதுங்கள். அதுவரை இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல், வெளித் திண்ணையில் வையுங்கள். பரணில் போட வேண்டாம். உப்பிப்போன பேட்டரியை மறுபடி சார்ஜில் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். போடாதீங்க தம்பி.